இயந்திரத்துக்கு மௌனம் தெரியாதாம்

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பரமக்குடியில் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம். அழகர் வைகையில் இறங்கிய மறுநாள் என்பதால் ஊரெங்கும் ஒலிபெருக்கி. மேடையில் பேசியவர் கவிதையின் இடைவெளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ளதுதான் கவிதை என்றார். அதுவரை எனக்கும் உடன்பாடே. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோயிலொன்றில் மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் தடதடவென்று கிளம்பின. பேச்சாளர் இரண்டு நிமிடம் காத்திருந்தார். மேளம் நிற்கவில்லை. உடனே அதையே தன் வாதத்துக்குச் சான்றாக்கிக்கொண்டு, இயந்திரத்துக்கு மௌனம் தெரியாது, சிந்தசைசரும் சீக்வென்சரும் வந்த அன்றே நம் இசையில் மௌனம் செத்துவிட்டது என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

நான் அன்று வாய் திறக்கவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வம்பு வேண்டாம் என்ற கோழைத்தனம்தான் காரணம். ஆனால் இந்த வாக்கியத்தைக் கடந்த இருபது ஆண்டுகளாகச் சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் இசை பற்றிய அஞ்சலிக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். எழுதுபவர்களில் ஒருவர்கூட ஒரு சீக்வென்சரின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்தவராகத் தெரியவில்லை. பார்க்காத பொருளின் மீது தீர்ப்பு எழுதுவது நம் இலக்கிய விமரிசனத்துக்குப் புதிதல்ல என்றாலும், இந்தத் தீர்ப்பால் தப்பித்துக்கொள்பவர்கள் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் பொருள். மாடுலர் சிந்தசைசர் என்பது தனித்தனிப் பெட்டிகளாக உள்ள மின்சுற்றுகளைக் கம்பிகளால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி. ஒரு பெட்டி அதிர்வைத் தரும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று ஒலி வெளியே போகும் கதவைத் திறந்து மூடும். இவற்றுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பெட்டியே சீக்வென்சர். ராபர்ட் மோக் வடிவமைத்த 960 என்ற பழைய சீக்வென்சரில் எட்டுப் படிகள், படிக்கு மூன்று குமிழ்கள். (மூக் என்று எழுதுகிறார்கள், அவர் தன் பெயரை மோக் என்றே உச்சரித்தார்.) கடிகாரத் துடிப்பு ஒன்று வரும்போதெல்லாம் விளக்கு ஒரு படி நகரும். அந்தப் படியின் குமிழில் வைத்த மின்னழுத்தம் சுருதியாகப் போகும். கதவைத் திற என்ற தூண்டல் வேறு கம்பியில் போகும்.

இந்த ‘வேறு கம்பி’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தச் சுருதி என்பதும் ஒலிக்க வேண்டுமா என்பதும் இங்கே இரண்டு தனிக் கேள்விகள். ஒரு படியில் தூண்டலைத் தராமல் விட்டால் விளக்கு அங்கே வந்து நிற்கும், காலம் கழியும், ஒலி வராது. இதுதான் மௌனம். முந்தைய படியின் கதவை மூடாமலே அடுத்த படிக்கும் நீட்டினால் அது கார்வை. இலக்கணம் படித்தவர்கள் அளபெடையை நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக இன்னொன்று உண்டு. 960இல் ஒவ்வொரு படியின் கீழும் ஒரு சிறிய விசை. அதைத் ‘தாவு’ என்ற நிலையில் வைத்தால் அந்தப் படி கணக்கிலேயே வராது. எட்டு ஏழாகிவிடும்.

மௌனம் வேறு, தாவல் வேறு. கச்சேரியில் தாளம் போடத் தெரியாத ரசிகர் செய்வது தாவல். பாடகர் நிறுத்திய இடத்தில் இவர் பொறுமையிழந்து அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். மௌனத்தைக் காப்பதற்கு எண்ணத் தெரிய வேண்டும். சீக்வென்சர் இந்த வேறுபாட்டை ஒரு விசையாகவே முகப்பில் வைத்திருக்கிறது. மௌனம் தெரியாத கருவிக்கு இது எதற்கு?

1981இல் வந்த ரோலண்ட் டிபி-303ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிதார் வாசிப்பவருக்குத் துணையாக பாஸ் வாசிக்க என்று செய்யப்பட்ட சிறிய வெள்ளிநிறப் பெட்டி. அதில் சுருதிகளை ஒரு தடவையும் காலத்தை இன்னொரு தடவையும் தனித்தனியாக எழுத வேண்டும். காலத்தை எழுதும்போது கையில் இருப்பவை மூன்றே: ஒலி, நீட்டல், ஓய்வு. பதினாறு படிகளில் ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அழுத்தியாக வேண்டும். மௌனம் வேண்டுமானால் அதற்கும் ஒரு பொத்தான். சும்மா இருந்தால் வராது. இப்படி மௌனத்தை ஒவ்வொன்றாகக் கைவிரலால் எழுதவைக்கும் கருவியைப் பற்றித்தான் மேடையில் அந்தத் தீர்ப்பு.

நானே முதன்முதலில் பழைய எட்டுப்படிப் பெட்டி ஒன்றை வாங்கி உட்கார்ந்தபோது மூன்றாம் படியை மௌனமாக்கினேன். தூண்டலை எடுத்துவிட்டேன். ஆனால் மௌனம் வரவில்லை. இரண்டாம் படியின் ஒலி தேய்ந்துகொண்டிருந்த வாலில், மூன்றாம் படி வந்ததும் சுருதி ஒரு வழுக்கு வழுக்கியது. கதவு இன்னும் முழுக்க மூடவில்லை, அதற்குள் சுருதிக்கம்பியில் அழுத்தம் மாறிவிட்டது. ஊமைப் படிக்கும் ஒரு சுருதி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அதன் குமிழை முந்தைய படியின் சுருதிக்கே திருப்பி வைத்தபிறகு மௌனம் ஒழுங்காக உட்கார்ந்தது. ஒலிக்காத இடத்தையும் சுருதி சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் என்ன நுண்மையை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நம் மரபின் கணக்கைப் பாருங்கள். தாளத்தின் பத்து உயிர்களில் ஒன்று கிரியை. அதில் ஓசையுள்ளது, ஓசையற்றது என்று இரு வகை. ஆதி தாளத்தை ஒருமுறை போட்டுப்பாருங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. எட்டில் ஓசையுள்ளவை மூன்று, ஓசையற்றவை ஐந்து. தாளத்தில் பெரும்பகுதி மௌனம்தான். ஸ்வரம் எழுதும்போது ஒரு காற்புள்ளி ஓர் எழுத்தின் அளவு, அரைப்புள்ளி இரண்டெழுத்து அளவு. தீர்மானத்தில் ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை சொன்னால் பதினைந்து. நடுவில் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு எழுத்து விட்டால் பத்தொன்பது. ஆதி தாளத்து ஓர் ஆவர்த்தனத்தின் முப்பத்திரண்டில் பதின்மூன்று கழிந்தபின் எடுத்தால் அடுத்த சமத்தில் கச்சிதமாக வந்து இறங்கும். அந்த நான்கெழுத்து மௌனத்தை விழுங்கியவர் ஓர் எண்ணிக்கை முன்னதாகவே வந்து விழுவார். ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியைத் தந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்குவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மௌனம் என்றவுடன் ஏதோ தியான மண்டபத்துப் பொருள்போலக் கண்ணை மூடிக்கொள்கிறார்களே, அதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மிருதங்கக்காரர்களுக்கு மௌனம் என்பது எண்ணிக்கை. அவர்கள் அதைக் கணக்குப் போட்டுத்தான் விட்டார்கள்.

இந்த இடத்தில் மறுதரப்பு நண்பர்கள் உற்சாகமாகிவிடுவார்கள் என்பது தெரியும். கொன்னக்கோல்தான் உலகின் முதல் புரோகிராமிங், எட்டுப்படிச் சீக்வென்சர் என்பதே ஆதி தாளம், எல்லாம் நம்மிடம் இருந்தது என்று கிளம்பும் கூட்டம். இவர்களிடமும் எனக்குச் சமரசம் இல்லை. எட்டு என்பது கருவி செய்தவரின் வசதி, அவ்வளவே. எட்டுப் படிகளில் மூன்று அடிகளை இயன்றவரை சமமாகப் பரப்பினால் வருவது மூன்று, மூன்று, இரண்டு என்ற இடைவெளி. 2005இல் காட்ஃப்ரீட் டூசான்ட் என்ற கணினி அறிஞர், யூக்ளிடின் பழைய வகுத்தல் முறையைக் கொண்டே இவ்வகை அடிகளை உண்டாக்கிவிடலாம் என்று காட்டினார். இன்று அதைச் செய்யும் மாடுலர் பெட்டிகள் பல கிடைக்கின்றன. ஆதி தாளத்தின் தட்டுகளோ நான்கு, இரண்டு, இரண்டு என்று விழுகின்றன. நம் கை மௌனத்தைச் சமமாகப் பங்கிடவில்லை. முன்பாதிக்கு ஒரே தட்டு, பின்பாதிக்கு இரண்டு. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவர்கள் இந்த வேறுபாட்டை எங்கே வைப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 1983இல் வந்த மிடி என்ற பொதுமொழியில் கடிகாரம் ஒரு எண்ணிக்கையை 24 துடிப்புகளாகப் பிரிக்கிறது. 24ஐ மூன்றால் வகுக்கலாம், நான்கால் வகுக்கலாம். ஆகவே திஸ்ரமும் சதுஸ்ரமும் சுகமாக உட்காரும். ஐந்தால் வகுபடாது, ஏழால் வகுபடாது, ஒன்பதால் வகுபடாது. கண்டமும் மிஸ்ரமும் சங்கீர்ணமும் வாசல்படியிலேயே நிற்க வேண்டியதுதான். இது இயற்கை விதி அல்ல. ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் காதுக்குப் பழகியதை வைத்து எடுத்த முடிவு. அந்தக் கூடத்தில் ஐந்துக்காகவும் ஏழுக்காகவும் வாதாட ஆள் இல்லை. இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை என்று ஒரு தரப்பும், இயந்திரமே நம்முடையது என்று மறுதரப்பும் கவிதை பாடிக்கொண்டிருந்தால் வாதாட யார் போவது?

போயிருக்கலாம், வாய்ப்பு இருந்தது என்பதுதான் எரிச்சல். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மோக் மாடுலர் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பக்கவாஜ் பயின்றவர், பெண்கள் தாளவாத்தியம் தொடுவதே அபூர்வமாயிருந்த காலத்தில் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுத்தந்து அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். அதே கேஜ்தான் 1952இல் ஒரு ஸ்வரமும் வாசிக்கப்படாத நான்கு நிமிடம் முப்பத்துமூன்று நொடி நேரப் படைப்பைத் தந்தார். உலகம் மௌனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுக்கும் பெயர் அது. அவருக்குப் பாடம் சொன்ன தாளவாத்தியக்காரி இந்த மண்ணுக்கு ஒரு மாடுலர் சிந்தசைசர் வரவும் காரணமாக இருந்திருக்கிறார். எஸ்.சி. ஷர்மா, அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே 1969க்கும் 1972க்கும் இடையில் செய்த ஒலிநாடாக்கள் அலமாரியில் கிடந்தன. கண்டெடுத்தவர் பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர். தொகுப்பாக வெளிவந்தது 2023இல். அரை நூற்றாண்டு.

சரண்ஜித் சிங்கின் கதையும் இதேதான். பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் வாசித்துவந்தவர். 1982இல் ஒரு 303, ஒரு டிஆர்-808, ஒரு ஜூபிடர்-8 ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் ஒரு டச்சு நிறுவனம் மறுபதிப்பு செய்தபிறகு உலகம் வியந்தது. அவர் 2015இல் மறைந்தார். அந்தப் பதிவின் மீது எனக்கு விமரிசனம் உண்டு. அடித்தாளம் ஓயாமல் ஓடுவது அலுப்பூட்டுகிறது. பத்து ராகத்துக்கும் ஒரே நடை. ஆனால் 303இன் வரியில் அவர் விட்டிருக்கும் ஓய்வுகளைக் கேளுங்கள். அந்த இடங்களை யாரோ ஒருவர் யோசித்து அழுத்தியிருக்கிறார்.

தமிழுக்கு வந்தால், பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் நடித்து 1986இல் வந்த இரண்டு படங்கள், ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’. இரண்டுக்கும் இளையராஜா. ‘புன்னகை மன்னன்’ இசையில் சீக்வென்சரை இயக்கியவர் அன்று பத்தொன்பது வயதான திலீப், பிற்பாடு ஏ.ஆர். ரஹ்மான் என்பது பலரும் பதிவு செய்திருக்கும் செய்தி. அன்றிலிருந்து இன்றுவரை இந்த இசையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ‘கம்ப்யூட்டர் இசை’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. பாராட்டியவர்களும் அந்தச் சொல்லையே சொன்னார்கள், திட்டியவர்களும் அதையே. எந்தப் படியை விட்டார், ஏன் விட்டார் என்று கேட்ட ஒரு கட்டுரையைக் காட்டுங்கள். வெண்பாவில் ஒரு சீர் தளை தட்டினால் நான்கு இதழ்களுக்கு எதிர்வினை எழுதும் கூட்டம் நாம்.

இனி அந்தக் கோயில் மேளத்துக்கு வருகிறேன். அது சீக்வென்சர் அல்ல. ஒரு மோட்டார், அது சுழற்றும் தண்டு, தண்டு தூக்கிப் போடும் குச்சிகள். அதில் எழுதப்பட்ட வரி என்று ஒன்று கிடையாது. மாற்ற ஒன்றுமில்லை, விட ஒரு படியுமில்லை. விசையைப் போட்டால் அடிக்கும், அணைத்தால் நிற்கும். அதைச் சிந்தசைசரோடு சேர்த்து ஒரே கூண்டில் ஏற்றுவது, அச்சகமும் கல்லெண்ணெய்ச் செக்கும் ஒன்று, இரண்டும் சுழல்கின்றன என்பது போல.

அந்தக் கோயிலில் நான் சிறுவனாக இருந்தபோது தவில்காரர் ஒருவர் இருந்தார். நாகஸ்வரக்காரர் முன்பே போய்விட்டார். இவர் மட்டும் மாலைப் பூசைக்கு வருவார். திரை போட்டிருக்கும்வரை கை மடியில் இருக்கும். குருக்களின் கை தீபத்தைத் தூக்குவதைப் பார்த்துத்தான் இவர் கை எழும். எவ்வளவு நேரம் அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று இப்போது தோன்றுகிறது. மிகச் சொற்பமான சம்பளம். பெட்டி வந்ததும் அவர் வருவது நின்றது. பெட்டிக்கு உபயதாரர் கிடைத்தார், அவருக்குக் கிடைக்கவில்லை. உபயதாரர் பெயர் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது. பின்னர் அவரை எமனேஸ்வரம் பக்கம் ஒரு கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கையில் பார்த்தேன். ‘தம்பி, நல்லாயிருக்கீங்களா?’ என்றார். நான் அவரிடம் தவில் பற்றிக் கேட்கவில்லை.

அவரை அனுப்பியது இயந்திரமா? தினசரிப் பூசைக்கு ஒரு கலைஞனுக்குக் கூலி கொடுப்பது வீண் என்று முடிவெடுத்த மனிதர்கள் உண்டு. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாற்பது பேர் அமர்ந்திருந்த இடம் காலியானதற்கும் மனிதர்கள் எடுத்த முடிவுகளே காரணம். அது கூலி பற்றிய சண்டை. அந்தச் சண்டையை அப்படியே போடுங்கள், நானும் வருகிறேன். அதை விட்டுவிட்டு ‘இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை’ என்று அழகியல் சால்வை போர்த்திப் பேசும்போது, சம்பளத்தை நிறுத்தியவர்களும் கைதட்டும் கூட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்றைய கூட்டத்தில் முன்வரிசையில் யார் யார் இருந்தார்கள் என்பதை நான் கவனித்தேன்.

நெசவாளர் வீட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த ஆன்மா வாதம் எப்போதுமே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி உண்டு. துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கும். துளை உள்ள இடத்தில் பாவின் இழை தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. ஜக்கார் 1804இல் பிரான்சில் செய்த ஏற்பாடு. கரையில் விழும் மாங்காயும் மயிலும் துளையால் எவ்வளவு உண்டாகின்றனவோ அவ்வளவு துளையிடாத இடத்தாலும் உண்டாகின்றன. எல்லா இடத்திலும் துளை போட்டால் வருவது வெறும் பட்டை. ஓர் அட்டை வரிசை தப்பினால் பூ கோணிக்கொள்ளும். இதை எந்த நெசவாளியும் ஆன்மாவைத் தொலைத்த துணி என்று சொன்னதில்லை. விசைத்தறி வந்தபோது அவர்கள் கேட்டது கூலியைப் பற்றி.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் உண்மையில் கனமானது. அதை அந்தப் பேச்சாளர் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இயந்திரம் விடும் மௌனம் எல்லாம் ஒரே நீளம். மனிதக் கை விடும் மௌனம் பாடகரின் மூச்சைக் கேட்டுக் கொஞ்சம் நீளும், கொஞ்சம் குறுகும். நீளம் பற்றிய பாதிக்குப் பதில் எளிது. 960இலேயே மூன்றாவது வரிசைக் குமிழ்களைக் கொண்டு ஒவ்வொரு படியும் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை மாற்றலாம். கேட்பது பற்றிய பாதிதான் கடினம். இயந்திரம் கேட்பதில்லை. பாலக்காடு மணி ஐயர் பாட்டின் நடுவே எங்கே கையை எடுப்பார் என்பது பாட்டைக் கேட்டதால் வந்த முடிவு. எந்த அட்டையிலும் முன்கூட்டி அதைத் துளைத்து வைக்க முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒப்புதலோடு நின்றுவிடவும் செய்யலாம்.

ஆனால் மாடுலர் கருவியில் கடிகாரம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலிருந்து வரும் எந்தத் துடிப்பும் விளக்கை நகர்த்தும். போன பொங்கல் விடுமுறையில் அப்பாவின் தறிச்சட்டத்தில் ஒரு சிறிய ஒலிவாங்கியை ஒட்டி, பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியையும் தூண்டலாக்கி என் எட்டுப்படிப் பெட்டிக்குக் கொடுத்தேன். மூன்றும் ஆறும் ஏழும் ஊமைப் படிகள். அவர் நெய்ய நெய்ய அது நடந்தது. அவர் வேகம் பிடித்தபோது அதுவும் பிடித்தது. பத்து நிமிடம் கழித்து ஓர் இழை அறுந்தது. அவர் நாடாவை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழியிலிருந்து குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். பெட்டியில் விளக்கு ஆறாம் படியில் அப்படியே நின்றது. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம், தமிழில் சொல்கிறேன்.

‘என்னடா, உன் பெட்டி கெட்டுப்போச்சா?’

‘இல்லப்பா. நீங்க முடிக்கிறதுக்கு நிக்குது.’

அவர் தலையைத் தூக்காமலே, ‘அப்படின்னா இருக்கச் சொல்லு. பட்டு இழை, அவசரப்பட்டா மறுபடி அறுந்துடும்’ என்றார்.